முன்பனியில் மலை நம்பி வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்ததும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தக்காரர்களின் போன் வர ஆரம்பித்துவிடும். "லீவுக்கு ஊருக்கு வாறோம். பனியில ஒரு மலை ஏறணும். ரொம்பக் கஷ்டமா இருக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரணும்." கேட்கிற ஆள்தான் மாறுவார், கேள்வி மாறாது. நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துத் திருக்குறுங்குடி மலை நம்பி பெருமாள் கோயிலுக்கு. இருபது வருடமாகச் சொல்லி வந்த பதில்களை இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன்.

பனி என்றால் எந்தப் பனி? வெள்ளையாகக் கொட்டுமே, அதுவா?

இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருத்தப்படக் கூடாது. தமிழில் பனி என்ற ஒரே சொல் நாலைந்து வேலை பார்க்கிறது. புல்லில் முத்து முத்தாக நிற்பதும் பனி, கண்ணை மறைக்கும் புகை மாதிரி வருவதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. திருநெல்வேலிச் சீமையில் கிடைப்பது முதல் இரண்டும்தான்.

பழைய கணக்கில் வருடத்துக்கு ஆறு பெரும்பொழுது. அதில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனி என்றால் மாலையும் முன்னிரவும் பனி விழும் காலம், பின்பனி என்றால் விடியலை ஒட்டி விழும் காலம் என்று விளக்குவார்கள். குறிஞ்சித் திணைக்கு இலக்கணம் கொடுத்திருக்கும் பொழுதும் கூதிரும் முன்பனியும்தான். மலைக்குப் போக இதுதான் நேரம் என்று நம்மாட்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள்.

ஏன் இங்கே வெண்பனி விழுவதே இல்லை? மலை உயரமாகத்தானே இருக்கிறது?

நமக்குத்தான் உயரம். பொதிகையின் அகத்தியர் சிகரம் 1,868 மீட்டர். திருக்குறுங்குடிக்கு மேலே நிற்கும் மகேந்திரகிரி 1,600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மேலே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி குறையும். பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில் 22, 23 டிகிரி இருக்கிறது என்று வையுங்கள். பொதிகை உச்சியில் கணக்குப்படி 10 டிகிரியை ஒட்டி வரும். பூஜ்யத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் பாருங்கள். நம் அட்சரேகையில் காற்று உறைநிலைக்கு இறங்க 4,500 மீட்டருக்கு மேல் போக வேண்டும். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிக்கே 2,695 மீட்டர்தான்.

ஊட்டியில் புல் வெள்ளையாகிக் கிடக்கும் படத்தை அனுப்பி "அப்போ இது என்ன" என்று கேட்பார்கள். அது உறைபனி. வானத்திலிருந்து விழுந்தது இல்லை. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே புல்லின் மேல் ஈரம் அப்படியே உறைந்து நிற்கும். நம்மூரில் அதே வேலை நடந்து, உறையாமல் துளியாக நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, கோடை மழையில் ஆலங்கட்டி விழுந்து ரோடே வெள்ளையானதைப் படமெடுத்து "தமிழ்நாட்டில் பனிமழை" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவார்கள். என் சித்தப்பாவே மூன்று முறை எனக்கு அனுப்பியிருக்கிறார்.

சரி, மலை நம்பிக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

திருநெல்வேலியிலிருந்து திருக்குறுங்குடி சுமார் 45 கிலோமீட்டர். நாங்குநேரி, ஏர்வாடி வழியாக வரலாம். வள்ளியூர், களக்காடு பக்கமிருந்தும் பஸ் உண்டு. ஊரிலிருந்து மலைக்கோயில் சுமார் 8 கிலோமீட்டர். அதில் பாதி தூரம் வயலும் தோப்புமாக இருக்கிற சமதளம். வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு மேலேதான் ஏற்றம். கல்லும் குழியுமான ஜீப் பாதை, நாலைந்து கிலோமீட்டர். நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். நின்று நின்று படம் எடுக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

முடியாதவர்களுக்கு ஜீப் இருக்கிறது. அந்த ஜீப்பில் ஒருமுறை ஏறியவர்கள் அடுத்த முறை நடந்தே வருவதைப் பார்த்திருக்கிறேன். குலுக்கலில் குடல் இடம் மாறிவிடும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? விடியுமுன் மலையில் இருந்தால்தானே பனி?

விடியுமுன் மேலே விடமாட்டார்கள். இது புலிகள் காப்பகம். சாவடி திறந்தபிறகுதான் போகலாம், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

ஆனால் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் நல்ல பனி மலையில் இல்லை, மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. மார்கழியில் இங்கே சூரியன் ஆறரை மணிக்குத்தான் எழும். ஆறு மணிக்கு ஊரிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் முழங்கால் உயரம் நிற்கும். ஒவ்வொரு தாளின் நுனியிலும் ஒரு துளி. வரப்புப் புல்லில் சிலந்தி வலை கட்டியிருப்பது மற்ற நாளில் கண்ணுக்கே தெரியாது. பனி விழுந்த காலையில் வெள்ளை நூலில் பின்னிய மாதிரி வரப்பு முழுக்கத் தெரியும். ஏத்தன் வாழைத் தோப்புக்குள் நின்றால் மழையே இல்லாமல் சொட்டுச் சத்தம் கேட்கும். இலையில் சேர்ந்த பனி நடுநரம்பில் ஓடி, கீழே இருக்கும் சருகில் விழுகிற சத்தம் அது. அந்த இடத்தில் நான் யாரையும் பேச விடுவதில்லை.

பிறகு வெயில் வரும். நம் பக்கத்து மலை கிழக்கே பார்த்து நிற்கிறது, அதனால் எழுந்த வெயில் நேராக மலை முகத்தில்தான் அடிக்கும். எட்டரை, ஒன்பது மணிக்குள் பனி காய்ந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து பல் விளக்கி, பத்து மணிக்கு வந்து "எங்கே பனி" என்று கேட்டால் நான் என்ன செய்ய முடியும்?

மாலையில் இதற்கு நேர்மாறு. மலை மேற்கே இருப்பதால் சூரியன் அடையும் முன்னாலேயே அடிவாரத்தில் நிழல் விழுந்துவிடும். ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று திருநெல்வேலிக் கணக்கில் நினைக்காதீர்கள்.

மலைமேல் வரும் மூடுபனியும் இதே பனிதானா?

இல்லை, அது மேகம். வயலில் நிற்பது தரை குளிர்ந்து உண்டான துளி. மேலே வருவது வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, ஏறி, குளிர்ந்து மேகமான சங்கதி. கீழேயிருந்து பார்த்தால் மலைக்குத் துண்டு கட்டின மாதிரி இருக்கும். உள்ளே போனால் பத்தடிக்கு அப்பால் இருக்கும் ஆள் தெரியமாட்டார். முதலாவது அமைதியான, தெளிந்த இரவில் உண்டாகும். இரண்டாவது காற்றும் மேகமும் உள்ள நாளில் உண்டாகும். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம். அந்தக் குழப்பத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்திருக்காதே? பயமில்லையா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பத்தில் ஒருவர்தான் கேட்கிறார். மீதி ஒன்பது பேரும் குளிருமா என்று கேட்கிறார்கள்.

குளிரால் இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாது. தண்ணீர்தான் ஆளைக் கொண்டுபோகும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முடிய இருக்கும், சில வருடம் பொங்கல் வரைக்கும் இழுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது மார்கழி பிறந்த சமயம்தான். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மார்கழி என்றால் கோலமும் பூசணிப்பூவும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அந்த வாரம் மறக்காது.

நம்பியாறு சின்ன ஆறு. மகேந்திரகிரிச் சரிவில் பிறந்து, ஆத்தங்கரைப் பள்ளிவாசல் பக்கம் கடலில் சேர்ந்துவிடும். சின்ன ஆறுதான் பொல்லாதது. மேலே எல்லாம் பாறை, செங்குத்துச் சரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஏற்கெனவே ஊறிப் போயிருக்கும், இனிமேல் குடிக்க இடம் இருக்காது. உச்சியில் ஒரு மணி நேரம் பலமாகப் பெய்தால் அத்தனை தண்ணீரும் நேராக ஓடைக்கு வந்துவிடும். கீழே நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும். பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்க முடியாமல் பக்தர்கள் மேலேயே மாட்டி, ஆட்கள் போய் மீட்டுக் கொண்டுவந்த செய்தி இந்த மலைக்குப் புதிதல்ல.

நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். மச்சானும் அவன் நண்பர்களும் வந்திருந்தார்கள். காலையில் புல் காய்ந்து கிடந்தது, இரவெல்லாம் புழுக்கம், மலையில் கழுத்து வரைக்கும் மேகம். "ஆகா, என்ன பனி" என்று ஏறிவிட்டோம். பாதி வழியில் எதிரே இறங்கி வந்த ஒரு ஜீப்காரர் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, மேல கருத்திருக்கு பாத்தியளா? இறங்கிருங்க" என்றார். நான் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் ஓடையில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. அப்புறம் சத்தம் மாறியது, சலசலப்பு போய் ஒரு உறுமல். தாண்டி வந்த கல் எல்லாம் எங்கள் கண்ணெதிரே மூழ்கியது. மேட்டில் ஏறி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஜீப்காரரை இப்போதும் பார்க்கும்போது சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிடுவேன், அவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆகவே, புல்லைத் தொட்டுப் பாருங்கள். எங்கள் பெரியப்பா காலையில் கொல்லைக்குப் போகும்போது வெறுங்காலால் புல்லை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கால் நனைந்தால் அன்றைக்கு நெல் காயப்போடுவார். அவருக்கு இதன் காரணம் தெரியாது, பலன் தெரியும். காரணம் இதுதான்: வானத்தில் மேகம் இருந்தால் தரை விட்ட சூட்டை அது திருப்பி அனுப்பும், தரை குளிராது, பனி உண்டாகாது. காற்று வீசினாலும் உண்டாகாது. அப்படியென்றால் புல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் காலை, இரவெல்லாம் வானம் தெளிவாக இருந்த காலை. அன்று ஏறலாம். புல் காய்ந்து, இரவு புழுங்கி, மலை மறைந்திருந்தால் அது பனி இல்லை, மழைக்கு முன்னோட்டம். அன்று வீட்டில் உளுந்தங்களி கிண்டச் சொல்லிச் சாப்பிடலாம்.

இது சாயங்காலம் வரைக்குமான உத்தரவாதம் இல்லை, காலைக்கு மட்டும்தான். அதோடு வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை நாட்களில் வனத்துறையே பாதையை மூடிவிடும். "ரொம்பத் தூரத்திலேர்ந்து வந்திருக்கோம்" என்று சாவடியில் வாதாடாதீர்கள். அது வெள்ளத்துக்குத் தெரியாது.

மாட்டிக்கொண்டால்? தாண்டாதீர்கள், அவ்வளவுதான். முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினாலே ஆளைச் சாய்த்துவிடும். இந்த மாதிரிச் சின்ன ஓடை ஏறுகிற வேகத்திலேயே பெரும்பாலும் இறங்கியும் விடும். மேட்டில் உட்காரத் தெரிந்தால் போதும்.

குளிருக்கு என்ன போட்டுக்கொள்ள வேண்டும்? ஸ்வெட்டர், குல்லா?

ஏறும்போது வேர்த்துக் கொட்டும். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவதற்கு எதற்கு எடுத்து வர வேண்டும்? ஒரு துண்டு, மாற்றுச் சட்டை ஒன்று. மேலே போய் வேர்வை காயும்போதுதான் ஒரு சிலிர்ப்பு வரும், அப்போது சட்டையை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். முக்கியம் செருப்பு. தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு வராதீர்கள். ஈரப் பாறையில் பாசி பிடித்திருக்கும், பச்சையாகத் தெரிகிற பாசியைவிடக் கறுப்பாக மினுங்குவது அதிகம் வழுக்கும். அடியில் வெட்டு உள்ள ஷூவாகப் பார்த்துப் போடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுவார்கள்.

பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்குமா?

சளி பிடிப்பது கிருமியால், பனியால் இல்லை. ஆனால் ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று இழுப்பைக் கிளப்பும். அவர்கள் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டு மெதுவாக நடக்கட்டும், இன்ஹேலர் பையில் இருக்கட்டும். மற்றபடி "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லி ஆச்சி குரங்குக் குல்லாயை மாட்டிவிட்டால் மறுக்காதீர்கள். மாட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லாம் அப்படித்தான் செய்தோம்.

மிருகங்கள்?

உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988இல் உருவானது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், சுமார் 895 சதுர கிலோமீட்டர். கேரளத்தில் பேர் வாங்கிய அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டதும் இந்தக் காப்பகக் காட்டில்தான். ஆனால் மலை நம்பிப் பாதையில் பகலில் ஆள் நடமாட்டமும் ஜீப் சத்தமும் இருக்கும். நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் குரங்கு. கையில் பை தெரிந்தால் பறித்துவிடும், அர்ச்சனைத் தட்டோ பிஸ்கட்டோ அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

எனக்கு யானையைவிடக் கரடி மேல்தான் பயம். அடிவாரத் தோட்டங்களுக்குள்ளேயே வரும். கண் பார்வை மந்தம், காதும் அவ்வளவு கூர்மை இல்லை, பக்கத்தில் போகும் வரை நம்மைக் கவனிக்காது, கவனித்ததும் பயத்தில் பாய்ந்துவிடும். பனி மூடிய நேரத்தில் பேசிக்கொண்டே நடப்பது அதனால் நல்லது. வாழைத் தோப்பில் பேசாதே என்றேன், இங்கே பேசு என்கிறேன். இரண்டும் சரிதான்.

பாம்பு குளிர்ந்த காலையில் சோம்பலாக வெயில் காயும். பாறையில் கை வைக்கும் முன்னும் உட்காரும் முன்னும் பார்த்துவிடுங்கள்.

அட்டைப்பூச்சி கடிக்குமா?

ஜீப் பாதையில் நடந்தால் குறைவு. ஈரச் சருகுக்குள் காலை விட்டால் ஏறும். கடித்தால் பதறிப் பிய்க்காதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து காலில் கட்டிக்கொள்வது பழைய வழக்கம், பலிக்கத்தான் செய்கிறது. அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் வழியும். துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் நின்றுவிடும்.

கோயிலைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று திருக்குறுங்குடி. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என ஐந்து நம்பிகள். பெருமாளே ராமானுஜரிடம் சீடனாக உட்கார்ந்து உபதேசம் கேட்ட தலம் என்பார்கள். திருமங்கையாழ்வார் பரமபதம் அடைந்ததும் இங்கேதான்.

ஆனால் முன்பனிக்கு நெருக்கமான கதை நம்பாடுவானுடையது. பாணர் குலத்துப் பக்தன், மகேந்திரகிரி அடிவாரத்துக்காரன். கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாததால் ஒவ்வொரு நாளும் விடியுமுன் வாசலில் வந்து பாடிவிட்டுப் போவான். கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். "பாடிவிட்டு வருகிறேன், பிறகு சாப்பிடு" என்று பதினெட்டு சத்தியம் செய்துவிட்டுப் போய்ப் பாடி, சொன்னபடியே திரும்பி வருகிறான். அன்று அவன் வாசலிலிருந்தே பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று கொடிமரமே விலகி நின்றதாம், இன்றும் அது நேர்க்கோட்டில் இல்லாமல் ஒதுங்கித்தான் நிற்கிறது. கடைசியில் கைசிகம் என்ற பண்ணில் பாடிய பாட்டின் பலனைக் கொடுத்து ராட்சசனின் சாபத்தையும் தீர்க்கிறான்.

இந்தக் கைசிக நாடகம் ஒவ்வொரு வருடமும் அதே கார்த்திகை ஏகாதசி, அதாவது கைசிக ஏகாதசி இரவில் கோயிலில் நடக்கிறது. தேய்ந்து கிடந்த இந்த மரபை நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் பேராசிரியர் சே. இராமானுஜமும் 1999இல் மீட்டெடுத்தார்கள். முடிந்தால் பயணத்தை அந்த ஏகாதசியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். இரவு நாடகம், விடிந்ததும் மலை. கண் எரியும், பரவாயில்லை. இருட்டில், பனியில், பயத்தோடு ஒருவன் அதே அடிவாரத்தில் நடந்த கதையை ராத்திரி பார்த்துவிட்டுக் காலையில் அங்கே நடப்பது வேறு மாதிரி இருக்கும்.

அனுமதி, கட்டணம்?

சாவடியில் பெயர் எழுதுவார்கள், பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக், மது, தீப்பெட்டிக்கு இடமில்லை. கட்டணமும் நேரமும் மாறும் என்பதால் கிளம்பும் முன் ஊரில் யாரையாவது கேளுங்கள். சனிக்கிழமை கூட்டம் இருக்கும். அமைதி வேண்டும் என்றால் செவ்வாய், புதன் பாருங்கள்.

மாஞ்சோலைக்குப் போகக் கூடாதா? அங்கேதானே நிஜமான குளிர்?

போகலாம், ஆனால் அது நடை இல்லை, வண்டிப் பயணம். மணிமுத்தாறு சாவடியில் வனத்துறை அனுமதி வேண்டும், மழை நாட்களில் மூடிவிடுவார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறிக்கொண்டே போகும். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் போட்ட தேயிலைத் தோட்டங்கள் அவை. 2024இல் வேலை நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தொழிலாளர் குடும்பங்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்தவர்களும் அதில் உண்டு. பனி அங்கே அழகுதான், ஆனால் இப்போது போனால் என்னால் பனியை மட்டும் பார்த்துவிட்டு வர முடிவதில்லை.

இன்னும் சின்னதாக, குழந்தைகளோடு போக?

கடையத்துக்குப் பக்கத்தில் தோரணமலை முருகன் கோயில். படிக்கட்டு இருக்கிறது, மேலே குகைக்குள் முருகன், சுனைத் தண்ணீர். கீழே திரும்பிப் பார்த்தால் குளமும் வயலுமாகத் தென்காசிச் சீமை விரிந்து கிடக்கும். அதுவும் முடியாது என்றால் பண்பொழி திருமலைக் கோவில், அங்கே உச்சி வரை வண்டியே போகும். பொதிகை உச்சிக்கு இந்தப் பக்கமிருந்து வழி கிடையாது. கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, அவர்கள் வனத்துறை அனுமதி தரும் நாட்களில்தான் ஏற முடியும். அது மூன்று நாள் வேலை, சின்ன நடை இல்லை. வழிகாட்டியோடு காட்டுப் பாதையில் நடக்க ஆசை என்றால் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தைப் பாருங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

இங்கே நடந்து பழகினால் நிஜமான வெண்பனியில் நடக்க உதவுமா?

காலுக்கு உதவும். மற்றது எல்லாம் வேறு. உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்கு நடை நாலு கிலோமீட்டருக்குள்தான், அதாவது நம் மலை நம்பி ஏற்றம் அளவு. ஆனால் கோயில் இருப்பது 3,680 மீட்டரில். நவம்பர் கடைசியில் நான் போனபோது கோயில் நடை சாத்தியிருந்தது, குளிர்காலத்தில் சுவாமியைக் கீழே மக்குமட் கிராமத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். முதல் பனி கணுக்கால் அளவு கிடந்தது.

முதல் பனியின் தந்திரம் என்னவென்றால், அது மெல்லியது. கல்லையும் குழியையும் மறைக்கும், ஆனால் தாங்காது. மிதித்தால் கால் உள்ளே போய்க் கல்லின் விளிம்பில் மடங்கும். பகலில் கொஞ்சம் உருகி ராத்திரி இறுகியிருந்தால் காலையில் கண்ணாடி மாதிரி வழுக்கும். நம்மூர்ப் பாசிப் பாறையில் குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வைத்து, அடி சின்னதாக நடப்போம் இல்லையா, அது அங்கே அப்படியே கைகொடுத்தது. பருத்திச் சட்டை கைவிட்டது. வேர்வையில் நனைந்து காயவே இல்லை, எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. அங்கே உள்ளே நைலான் மாதிரி சீக்கிரம் காய்கிற துணி, அதன்மேல் கம்பளி, அதற்கு மேல் காற்று புகாத கோட்டு என்று அடுக்கிப் போட வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் வேண்டும், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்தும். அந்த உயரத்தில் மூச்சும் வாங்கும். வேகமாக ஏறினால் தலைவலி வரும்.

சத்தம்தான் எனக்கு மறக்காதது. நம் பனி சொட்டும். அந்தப் பனி ஒரு சத்தமும் போடாமல் விழுகிறது.

போனில் படம் எடுத்தால் மங்கலாக வருகிறதே?

ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுத்திருப்பீர்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிந்திருக்கும். பத்து நிமிடம் பொறுத்துத் துடைத்துவிட்டு எடுங்கள்.

சாப்பாடு?

வாழை இலையில் கட்டிய இட்லி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. இரண்டும் வீட்டிலிருந்து. ஃப்ளாஸ்க்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி. மேலே கடை இருக்கும் என்று நம்பி வராதீர்கள். இலையைக் கூடத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம், போட்டால் குரங்கும் பன்றியும் வரும். இறங்கி வந்ததும் ஊரில் டீக்கடை இருக்கிறது, பருப்பு வடை பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் இறங்கிவிடுவது போல ஏறுங்கள்.

நீங்களும் கூட வருவீர்களா?

வருவேன். முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் புல்லில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று போன் பண்ணுகிறேன்.